நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண்

இப்போது மணி என்ன என்று வழியில் ஒருவர் நிறுத்திக் கேட்டால், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து விடை சொல்லிவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம். நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்விக்கு இவ்வளவு எளிதில் விடை கிடைத்ததில்லை. பொழுது புலர்ந்து எத்தனை நாழிகை ஆயிற்று என்றுதான் அவர்கள் கேட்டார்கள். கேட்கப்பட்டவர் முதலில் அண்ணாந்து பார்த்தார், அல்லது தம் நிழலைத் தம் காலடியாலேயே அளந்து பார்த்தார். இரவானால், கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும், விடிவெள்ளி முளைத்துவிட்டதா என்பதையும் கண்டு, ஏற்றத்துக்குப் புறப்படும் வேளையை உழவர்கள் நிதானித்தார்கள். அடியில் நுண்ணிய துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்குவதற்குச் செல்லும் காலத்தை ஒரு நாழிகை என்று கணக்கிடும் வழக்கமும் இருந்தது. பகலும் இரவும் சேர்ந்தால் 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு நம் கடிகாரக் கணக்கில் 24 நிமிஷம். அந்த நாழிகையையும் 60 விநாழிகையாகப் பகுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு ஒவ்வோர் ஊருக்கும் சொந்தமாக இருந்தது. சூரியன் தன் ஊருக்கு நேரே உச்சிக்கு வந்த வேளையே ஒருவனுக்கு உச்சிவேளை. அடுத்த ஊர்க்காரனுக்கு அது எப்போது வந்தது என்று அவன் கவலைப்படவில்லை. பூமி 360 பாகையும் சுழன்று வருவதற்கு 24 மணி ஆகிறது என்றால், ஒரு பாகை சுழல 4 நிமிஷம் ஆகும். ஆகவே கிழக்கே இருக்கும் ஊருக்கு முன்னதாகவும் மேற்கே இருக்கும் ஊருக்குப் பின்னதாகவும் நண்பகல் வந்து சேருகிறது. கல்கத்தாவில் சூரியன் உச்சியைக் கடந்து அரை மணிக்குச் சற்று மேலான பிறகுதான் சென்னையில் உச்சிவேளை. சென்னையில் உச்சியைக் கடந்து ஏறக்குறைய அரை மணிக்குப் பிறகுதான் பம்பாயில். மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் பிரயாணம் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைத்திருக்க நியாயமில்லை. அப்படியிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு காலம் வந்தது: லாகூரிலும் நாகபுரியிலும் பம்பாயிலும் புகைவண்டி நிலையத்துக் கடிகாரங்கள் யாவும் சென்னைப் பட்டணத்தின் உச்சிவேளையை வைத்தே ஓடின. அது எப்படி நேர்ந்தது என்று தேடிப் போனால், நுங்கம்பாக்கத்தில் கூவம் கரையை அடுத்து, இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் நிற்கும் ஒரு கருங்கல் தூணில் போய் நாம் முடிவோம்.

அந்தத் தூண் 18 அடி உயரம். எடை 10 டன். 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே ஒரு வான ஆராய்ச்சி நிலையம் எழுப்பியபோது, உபகரணம் சிறிதும் அதிராமல் நிற்கவேண்டும் என்பதற்காக, கட்டடத்தின் சுவர்களோடு ஒட்டாமல் தனியே நாட்டப்பட்டது அது. அதற்கு முன் 1786ஆம் ஆண்டிலேயே வில்லியம் பெட்ரீ என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நிலையம் வைத்திருந்தார். தம் கருவிகளை அவர் கம்பெனிக்கு அளித்ததுதான் இதற்கு விதை. மைக்கேல் டாப்பிங் என்பவர் கட்டடத்தைத் திட்டமிட்டார். சோழமண்டலக் கரையை அளந்தவர் அவர். கரை எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாத மாலுமிக்குக் கடல் என்ன கொடுமை செய்யும் என்பதை நேரில் அறிந்தவர். வானத்தைப் பார்ப்பது கம்பெனியாருக்கு ஞானத் தேட்டம் மாத்திரமன்று; கப்பலும் சரக்கும் நிலவரியும் அதனுடன் பின்னிக் கிடந்தன.

தூணில் லத்தீனிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஹிந்துஸ்தானியிலும் சாஸனம் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருகிறவர்களும், ஆங்கிலேயரின் கொடையால் கணித சாஸ்திரங்கள் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலம் எது என்று அறிந்துகொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. அந்தத் தூணை நான் மதிக்கிறேன். அதில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நட்டவர்களின் உழைப்பு உண்மையானது. அவர்கள் கொண்டுவந்த தூரதர்சினிகளும் கடிகாரங்களும் இந்த மண்ணில் தோன்றியவை அல்ல என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் ஊன்றியது வெற்று நிலத்திலன்று. அதற்குச் சாட்சி சொல்ல அந்த நிலையத்தின் சரித்திரத்திலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் வருவதற்கு முன், அங்கே நடந்த வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

தூணின் உச்சியில் பொருத்திய தூரதர்சினி நாம் விரும்பிய பக்கமெல்லாம் திரும்புவதன்று. வடக்கு தெற்காக மேலும் கீழும் மாத்திரம் அது அசையும். அதாவது, ஊரின் உச்சிக்கோட்டை அன்றி வேறெதையும் அது பார்க்காது. பார்வைத் துவாரத்துள் சிலந்தி நூல்போல் மெல்லிய இழைகள் நெடுக்காகக் கட்டியிருக்கும். குறித்த ஒரு நக்ஷத்திரம் அந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கடப்பதைக் கண் பார்க்க, பக்கத்தில் ஓடும் கடிகாரத்தின் டிக்கென்ற ஒலியைக் காது எண்ண, இரண்டு ஒலிகளுக்கு நடுவே நக்ஷத்திரம் இழையைத் தொட்டது எத்தனையாவது பங்கில் என்று மனம் தீர்மானித்து எழுதவேண்டும். அந்த நக்ஷத்திரம் உச்சிக்கோட்டை எப்போது கடக்கவேண்டும் என்பது முன்பே தெரிந்திருப்பதால், கடிகாரம் எத்தனை விநாடி முந்துகிறது, எத்தனை விநாடி பிந்துகிறது என்பது உடனே வெளிப்படும். இதை ஒருநாள் செய்தால் போதாது. மேகம் இல்லாத ஒவ்வோர் இரவும் செய்யவேண்டும். ஷெல்டன் என்னும் லண்டன் வினைஞர் செய்த கடிகாரம் ஒன்று அங்கே ஓடியது. அது இன்றும் கொடைக்கானலில் காப்பாற்றப்பட்டு வருகிறது.

ஊரின் நேரம் தெரிந்தபின், அந்த ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டு ஊர்களின் உச்சிவேளைக்குள்ள வித்தியாசமே தீர்க்கரேகையின் வித்தியாசம் என்பதை மேலே கண்டோம். ஆனால் தீர்க்கரேகைக் கணக்குத் தொடங்கும் கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்று சென்னையிலிருப்பவன் எப்படி அறிவது? தந்தி இல்லாத காலம் அது. வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் இதற்கு உதவின. அவை வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறையும் கணம் எல்லா ஊரார்க்கும் ஒரே கணம். அதை இரண்டு ஊர்களிலும் அவரவர் கடிகாரப்படி குறித்து வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கிடைத்துவிடும். 1796இல் டாப்பிங் இறந்தபின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் இந்த மறைவுகளைச் சலிக்காமல் பார்த்து, சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 18 கலை 30 விகலை என்று முடிவு செய்தார். அவருக்குப் பின் வந்த வாரன் 80 பாகை 17 கலை 21 விகலை என்று திருத்தினார். பரங்கிமலையடியில் 1802இல் வில்லியம் லாம்டன் தம் எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் ஆதாரக் கோட்டை அளந்து தொடங்கிய மகா திரிகோண அளவை, இமயம் வரை பரந்தபோதும், தீர்க்கரேகைக்கு மூலஸ்தானமாகக் கொண்டது இந்த நுங்கம்பாக்கத்தைத்தான். பிற்காலத்தில் கடலடித் தந்தி வந்து கிரீனிச்சின் நேரத்தைக் கையில் கொடுத்தபோது, வாரனுடைய கணக்கிலும் இரண்டரைக் கலை அளவுக்கு மிகை இருப்பது தெரியவந்தது. காலக் கணக்கில் அது பத்து விநாடிதான். ஆயினும் தேசப்படங்களில் பாரத நாடு முழுவதும், குமரிமுனை முதல் பனிமலை வரை, தனக்குரிய இடத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி எழுதப்பட்டிருந்தது. பத்து விநாடியின் பெறுமானம் இன்னதென்று இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் உணர்த்தியதில்லை.

கோல்டிங்ஹாமைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். வெடியின் ஒளி முன்னே தெரிய, ஒலி பின்னே வருவதை ஊரார் எல்லோருந்தாம் கவனித்திருப்பார்கள். கோட்டை நிலையத்திலிருந்து ஏறக்குறைய 13,900 அடி. பரங்கிமலை ஏறக்குறைய 29,500 அடி. ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட விநாடிகளை மாதக்கணக்கில் எண்ணி, அவ்வவ்வேளையின் வெப்பம், காற்றின் அழுத்தம், ஈரப்பதம், காற்று வீசும் திசை ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறித்து வந்தார் அவர். வெப்பமான மாதங்களில் ஒலி விரைந்து வருகிறது என்பது அந்த அட்டவணையில் கண்கூடாக விளங்கியது. 1823இல் லண்டன் ராயல் சங்கத்தாரின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. தினமும் கேட்டுப் பழகிய வெடியையே ஆராய்ச்சிக்கு உரியதாக்கிக்கொண்ட அந்த மனப்பாங்கு போற்றத் தக்கது. 1796 முதல் வெப்பமும் காற்றழுத்தமும் அங்கே பதிவாகி வந்தன. 1813 முதல் மழையளவும் சேர்ந்தது. ஐப்பசி மழை இவ்வாண்டு வழக்கத்துக்குக் கூடுதலா குறைவா என்று இன்று நாம் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் அந்தக் குறிப்புப் புத்தகங்கள் நிற்கின்றன.

வாரன் என்றேனே, அவர் வரலாறு சுவையானது. பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தில் தோன்றி, ஆங்கிலேயர் சேனையில் சேர்ந்து, கோலாரில் தங்கம் கிடைக்கிறது என்ற வதந்தியை ஆராயப் போய், பிறகு கோல்டிங்ஹாம் இல்லாத வேளையில் 1805 முதல் சில ஆண்டுகள் நுங்கம்பாக்கத்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர். தம் நாட்டுக் கருவிகளோடு அவர் நின்றுவிடவில்லை. இந்நாட்டார் எப்படிக் கணிக்கிறார்கள் என்று அறிய விரும்பி, பஞ்சாங்கக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டு, தாம் அறிந்ததையெல்லாம் திரட்டிக் கால சங்கலிதம் என்ற பெயரால் 1825இல் சென்னையில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின்போது அவர் புதுச்சேரியில் கண்ட ஒரு தமிழ்க் கணிதர்தாம் நான் சொன்ன முதல் சாட்சி.

அக்கணிதர் தரையில் அமர்ந்து, எதிரே சோழிகளைப் பரப்பிக்கொண்டார். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. 1825ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கும் இரவில் நிகழவிருந்த சந்திர கிரஹணத்தைக் கணித்துக் காட்டவேண்டும். சோழிகளை இட்டும் எடுத்தும் நகர்த்தியும் அவர் கூட்டினார், கழித்தார், பெருக்கினார், வகுத்தார். வேண்டிய அட்டவணைகள் யாவும் அவர் நாவில் இருந்தன. அவை எண்களாக இல்லாமல் வார்த்தைகளாக இருந்தன என்பதுதான் விசேஷம். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, இலக்கங்களைச் சொல்லாக்கி, சொற்களை வாக்கியமாக்கி நெட்டுருச் செய்வது அந்த மரபு. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. சந்திரன் ஒருகால் விரைந்தும் ஒருகால் தயங்கியும் செல்லும் வேறுபாடு 248 நாட்களில் ஒன்பது முறை சுழன்று ஏறக்குறையத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. ஆகையால் நாளுக்கு ஒரு வாக்கியமாக அத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டால், சந்திரன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

கணக்கின் முடிவு என்ன ஆயிற்று? கிரஹணம் பிடிக்கும் வேளையில் அவர் கணக்குக்கும் நிகழ்ச்சிக்கும் 4 நிமிஷ வித்தியாசம்; நடுவில் 23 நிமிஷம்; விடும் வேளையில் 52 நிமிஷம். இறுதியில் உள்ள பிழை சிறிதன்று; அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணிதருக்கு அவ்வாக்கியங்களுக்கு அடியில் உள்ள சித்தாந்தம் விளங்கியிருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ வானத்தைக் கூர்ந்து நோக்கி வகுத்த முறை, தூரதர்சினியும் காகிதமும் இன்றி, தலைமுறை தலைமுறையாக வாயிலும் செவியிலும் மாத்திரம் பிரயாணம் செய்து, புதுச்சேரித் தரையில் ஒரு கைப்பிடி சோழியின் மேல் வந்து இறங்கி, கிரஹணம் தொடங்கும் வேளையை 4 நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டது. அது கணித சாஸ்திரம் இல்லையானால் கணித சாஸ்திரம் என்பது எது? 1952இல், பழங்காலக் கணிதங்களை ஆராய்வதில் பேர்பெற்ற நியூகெபாவர் என்ற அறிஞர், வாரனின் இந்தக் குறிப்பையே ஆதாரமாகக் கொண்டு தமிழ் வானியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

நுங்கம்பாக்கத்தில் வேலை தொடர்ந்தது. டெய்லர் என்பவர் இந்நாட்டு உதவியாளர்களோடு 11,015 நக்ஷத்திரங்களின் நிலையைக் கணித்து 1844இல் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். 1861இல் பாக்சன் வந்தார். வந்த ஆண்டிலேயே ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அவரிடத்தில் முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. இவரே என் இரண்டாவது சாட்சி. இந்தச் சரித்திரத்தில் எவருக்கு முதல் மரியாதை என்று என்னைக் கேட்டால் நான் இவர் பெயரைத்தான் சொல்லுவேன்.

இளமையிலேயே நிலையத்தில் சேர்ந்து, 1880இல் காலமாகும் வரையில் அங்கேயே உழைத்தவர் ரகுநாதாசாரி. 1862இல் புதிதாக நிறுவப்பட்ட உச்சிக்கோட்டு யந்திரத்தில் இரவுதோறும் நக்ஷத்திரங்கள் கடப்பதைக் குறித்தவர்களுள் தலையாயவர். 1867இல், தென்வானின் ஒரு மூலையில், அளந்து குறிக்கவேண்டிய நக்ஷத்திரம் ஒன்றின் பிரகாசம் நிலையாக இல்லை என்பதை அவர் கண்டார். ரெட்டிகுலம் என்ற தொகுதியைச் சேர்ந்த அது, ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும் நக்ஷத்திரம். இப்படி ஒரு மாறொளி நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் அவர். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த நக்ஷத்திரம் தென்தொடுவானுக்கு மேல் 14 பாகைக்கு அதிகம் உயர்வதில்லை. கடற்கரைப் பட்டணத்தின் ஈரக்காற்றும் புகையும் படிந்திருக்கும் அந்தத் தாழ்ந்த வானத்தில், ஒளி குன்றிய ஒரு புள்ளி முன்னைப்போல் இல்லை என்று கண்டுகொள்ள எத்தனை ஆயிரம் இரவுகளின் பழக்கம் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மறு ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி பூரண சூரிய கிரஹணம் வந்தபோது, பாக்சன் மசூலிப்பட்டணத்துக்குப் போக, வனபர்த்திக்குச் சென்ற குழுவை ரகுநாதாசாரி நடத்திச் சென்றார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

இவற்றைக் காட்டிலும் அவர் தம் ஜனங்களுக்குச் செய்த பணி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே செல்லவிருந்தது. அது என்ன நிகழ்ச்சி, அதைக்கொண்டு சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று எல்லோரும் அறியும்படி, கேள்வியும் விளக்கமுமான சம்பாஷணையாக ஒரு சிறு நூல் எழுதித் தமிழிலும் வேறு பாஷைகளிலும் வெளியிட்டார். பரம்பரை வாக்கியங்களின்படி கணிக்கும் பஞ்சாங்கத்தில் திதியும் நக்ஷத்திரமும் வானில் காண்பதற்குச் சில நாழிகை முந்தியும் பிந்தியும் இருப்பதை, ஒவ்வோர் இரவும் வானத்தைப் பார்க்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணுக்குப் புலப்படும் நிலையோடு பொருந்தும் திருக்கணித பஞ்சாங்கத்தைத் தாமே கணித்து வெளியிட்டார். நம் முன்னோர்களே காலந்தோறும் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், திருத்தாமல் விடுவதே அவர்களுக்குச் செய்யும் அபசாரம் என்ற துணிவு அவருக்கு இருந்தது. இன்றும் நம் வீடுகளில் வாக்கியமா திருக்கணிதமா என்று சனிப்பெயர்ச்சிக்கும் ஏகாதசிக்கும் நடக்கும் வாதம், நுங்கம்பாக்கத்துத் தூணுக்கும் புதுச்சேரிச் சோழிக்கும் நடக்கும் சம்பாஷணையே. அந்த இரண்டையும் ஒரே உள்ளத்தில் வைத்து வாழ்ந்தவர் ரகுநாதாசாரி.

இதற்கிடையே புகைவண்டி வந்துவிட்டது. சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் 1856இல் முதல் வண்டி ஓடியது. பாதைகள் நீண்டு ஒன்றோடொன்று இணைந்ததும், ஊருக்கு ஒரு நேரம் என்ற பழைய ஏற்பாடு செல்லாததாயிற்று. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு இரண்டு நேரம் இருக்கமுடியாது. யாருடைய நேரத்தைக் கொள்வது? கிரீனிச்சுக்கு முன்னால் கல்கத்தா 5 மணி 53 நிமிஷம். பம்பாய் 4 மணி 51 நிமிஷம். சென்னை 5 மணி 21 நிமிஷம். இரண்டு பெருநகரங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்ததும், இரவுதோறும் நக்ஷத்திரத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் அரசாங்க நிலையம் இருந்ததும் சென்னைக்கு அனுகூலமாயின. 1870ஐ ஒட்டிய காலம் முதல் நுங்கம்பாக்கத்து நேரம் நாள்தோறும் தந்திக் கம்பியில் ஏறி எல்லாத் திக்குகளுக்கும் போயிற்று. சென்னைக் கோட்டையின் நேரப் பீரங்கியும் அதைக்கொண்டே வெடித்தது. 1881இல் பம்பாய் நகர வாழ்க்கையையும் சென்னை நேரத்துக்கு உட்படுத்த அங்குள்ள கவர்னர் முயன்றார். ஊரார் இசையாததால் இரண்டே ஆண்டில் அந்த ஆணை கைவிடப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தன் ஊர்ச் சூரியன் சொல்லும் வேளையை விட்டுக்கொடுப்பது எவருக்கும் எளிதன்று.

சென்னை தன் வேளையை விட்டுக்கொடுத்தது 1906 ஜனவரி முதல் தேதி. கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிஷம் முன்னதாக, 82 பாகை 30 கலைத் தீர்க்கரேகையைக்கொண்டு இந்திய நேரம் வகுக்கப்பட்டபோது, இவ்வூர்க் கடிகாரங்களை ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளிவைத்தார்கள். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தன. இதற்கு முன்பே, 1899இல், வான ஆராய்ச்சி கொடைக்கானல் மலைக்கு ஏறிப் போய்விட்டது; நுங்கம்பாக்கத்தில் மழையையும் காற்றையும் அளக்கும் வேலை தங்கிற்று.

ஆகவே இன்று நம் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, சென்னையில் சூரியன் பெரும்பாலும் உச்சிக்கு வந்திருப்பதில்லை. பூமி தன் பாதையில் ஒரே வேகத்தில் செல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், அந்த ஒன்பது நிமிஷமும் நிலையாக நிற்பதில்லை. பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிஷத்துக்குத்தான் உச்சிவேளை வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 53 நிமிஷத்துக்கே வந்துவிடுகிறது. ஆண்டில் இரண்டு நாட்கள், ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும், சூரியன் இப்பட்டணத்தின் தலைக்கு நேரே வந்து நிற்கிறது. ஆகஸ்டு 18 ரகுநாதாசாரி வனபர்த்தியில் கிரஹணம் பார்த்த அதே தேதி. அன்று வெயில் இருந்தால் முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். 12 மணி 13 நிமிஷத்துக்கு அதன் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதுதான் சென்னை நேரம் 12 மணி 4 நிமிஷம்.